இதயப் பாட்டில் மாற்றிய இரண்டு சொற்கள்

ஜூன் 14

டவுனில் ஒருநாள் ஆசிரியர் பயிற்சி. பாட்டும் படக்கதையும் கொண்டு பாடம் நடத்துவது எப்படி என்று. அறுபது பேர், நான்கு மின்விசிறி, அதில் இரண்டு ஓடவில்லை. நடத்தியவர் பால்வண்ணன். முன்பு என்னோடு ஒரே பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். இப்போது வட்டாரத்துக்கே பயிற்றுநர்.

காலையில் ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். பதினான்கு பாட்டு, மூன்று படக்கதை. தேநீர் வருவதற்குள் எண்ணிவிட்டேன். ஒன்பது பாட்டின் வரிகள் என்னுடையவை. தவளைப் படக்கதையும் என்னுடையது. என் தவளைக்கு முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. விலங்கியல் படித்தவள், அப்படித்தான் வரைவேன். மேலே தாளை வைத்து நகலெடுத்தவர் விரல்களையும் விடாமல் எடுத்திருக்கிறார். அட்டையில் "ஆக்கம்: சி. பால்வண்ணன்".

2012இல் மாறுதலாகிப் போகும்போது பாட்டும் படமும் இருந்த என் நோட்டை வாங்கிப்போனார். ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னார்.

மதியத்துக்குமேல் மைக்கில் என் பெயர் வந்தது. "கடைசி வரிசையில வடிவு டீச்சர் உக்காந்திருக்காங்க பாருங்க. எம்.ஃபில். படிச்சவங்க. ஆனா பாட்டுன்னா அவங்களுக்கு வேப்பங்காய். கரும்பலகை, சாக்பீஸ், அடுத்த பக்கம். அவ்வளவுதான் வகுப்பு. டீச்சர், எந்திரிங்க, ஒரு வரி பாடுங்க. பயப்படாதீங்க, உங்களை யாரும் சினிமாவுக்குக் கூப்பிட்டுரமாட்டாங்க."

அறுபது பேரும் சிரித்தார்கள். நான் எழுந்து மழைநீர்ப் பாட்டின் முதல் வரியைச் சொன்னேன். பாடவில்லை, சொன்னேன். நான் எழுதிய வரி. கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

ஜூன் 15

காய்கறி வாங்கவில்லை. இரண்டு வேளையும் ரசம்.

ஜூன் 19

தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சரிடம் சொன்னேன். யாரிடமும் சொல்வதாக இல்லை. கையேட்டைப் புரட்டிக்கொண்டே "நல்லா இருக்கே" என்றார், என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஆதாரம் இருக்கா?"

"நோட்டு அவரிடம்."

"அப்ப விடுங்க, வடிவு. நீங்கதான் பாட்டெல்லாம் சும்மா, அதுல ஒண்ணும் படிப்பு வராதுன்னு சொல்லுவீங்களே. பிறகு எதுக்கு இந்தக் கோவம்?"

உண்மைதான். அப்போது செயல்வழிக் கற்றல் என்று மேலிடம் விரட்டியது, எழுதினேன். பாட்டு பிள்ளைகளை உட்கார வைக்கும். பாடத்தை நடத்துவது கரும்பலகை. நான் என்றும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் யாரும் உட்காராத நாற்காலிதான் என்றாலும், ஒருவர் தூக்கிப்போய்த் தன் கூடத்தில் போட்டு, என்னைக் கூப்பிட்டு அதிலேயே உட்காரச் சொன்னால்?

இதை ஜெசிந்தா டீச்சரிடம் சொல்லவில்லை. வருகையை எமிஸ் செயலியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 8

வட்டார வாட்ஸ்அப் குழுவில் பால்வண்ணனுடைய செய்தி. ஆறு முதல் எட்டு வரை அறிவியலுக்கு இரண்டாம் தொகுதி வரப்போகிறதாம். பள்ளி பள்ளியாக நேரில் வந்து, பிள்ளைகள் பாடும் புதுப் பாட்டுகளைப் பதிவு செய்வானாம். டிசம்பரில் மண்டலக் கருத்தரங்கில் வெளியீடு. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர்.

விலங்கியல். மூன்று முறை படித்தேன்.

ஜூலை 9

அவர் தமிழ் படித்தவர். அறிவியலில் எதைக் கொடுத்தாலும் அப்படியே விழுங்குவார்.

ஜூலை 13

எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு, இதயமும் இரத்த ஓட்டமும்.

இடது பக்கம் வாசல் வழி
களைத்த ரத்தம் வருமாம்
நுரையீரலில் மூச்சு வாங்கிச்
சிவந்து சிவந்து சிரிக்குமாம்
வலது பக்கம் வாசல் வழி
திரும்பி வீடு சேருமாம்
லப்பு டப்புக் கதவெல்லாம்
தட்டித் தட்டிச் சாத்துமாம்

உடம்பைச் சுற்றிக் களைத்து வரும் இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து சேரும். நுரையீரலுக்குப் போய் ஆக்சிஜன் வாங்கி இடப்பக்கம் திரும்பும். இது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியவேண்டியது. நான் இரண்டு சொல்லை மட்டும் இடம் மாற்றினேன். இரண்டுக்கும் ஒரே அளவு. எதை எங்கே வைத்தாலும் பாட்டு தட்டாது. காதுக்குத் தெரியாது.

படக்கதையும் போட்டேன், எட்டு மடிப்புச் சார்ட் அட்டையில். ஒரு பிள்ளை நம்மைப் பார்த்து நிற்கிறது. நெஞ்சுக்குள் நான்கு அறை வீடு. நீலத் துளி ஒரு பக்கம் நுழைந்து, சிவப்புத் துளியாக மறுபக்கம் வருகிறது. படம் முழுக்கச் சரி. நம்மைப் பார்த்து நிற்கிற பிள்ளையின் வலப்பக்கம், தாளைப் பார்க்கிற நமக்கு இடப்பக்கம். நீலத்தை அங்கேதான் போட்டிருக்கிறேன். அவர் பாட்டையும் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் பொருந்துவதாகத்தான் தெரியும்.

பேராசிரியர் முன்னால் இதை நூறு தடவை பாடட்டும்.

மெட்டு பழையது. புதிதாகப் போட எனக்குத் தெரியாது.

ஜூலை 22

எட்டாம் வகுப்பில் பத்தொன்பது பேர். பாட்டை ஆரம்பித்தேன். என் குரலுக்கே சிரித்தார்கள், சிரிக்கட்டும். மூன்றாம் தடவையில் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் வந்து பதிவு செய்துகொண்டு போகட்டும். பிறகு ஒரே பாடவேளையில் கரும்பலகையில் சரியாகப் போட்டு மாற்றிவிடலாம். பாட்டு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போகும் சமாச்சாரம்.

ஜூலை 24

பூங்கனி கை தூக்கினாள். வகுப்பில் அவள்தான் புத்தகத்தை முன்கூட்டியே படித்து வருபவள்.

"டீச்சர், புத்தகத்துல வலதுன்னுலா போட்டிருக்கு?"

மற்றவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"பாட்டு இப்படித்தான்," என்றேன்.

"அப்ப புத்தகம் தப்பா?"

"பூங்கனி, சொன்னதைப் பாடு."

உட்கார்ந்தாள். பாடினாள். நல்ல குரல். முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாற்றினேன். அவர் வரும்போது கை தூக்கிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 11

பூங்கனியின் அம்மா சுப்புத்தாய் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வழியில், தூக்குவாளியோடு வாசலிலேயே நின்றாள்.

"டீச்சரம்மா, அந்த உதவித்தொகைப் பரிச்சையில இவ பாஸாயிருவாளா?"

"நன்றாகப் படிக்கிறாள்."

"இல்ல, நல்லாப் படிக்கான்னு எல்லாரும் சொல்லுதாக. பாஸாவாளான்னு கேக்கேன். ஒம்பதாப்புக்கு டவுனுக்கு விடணும்லா. பணம் வந்தா விடுவேன். இல்லைன்னா எங்க நாத்தனா திருப்பூர்ல இருந்து கூப்புட்டுக்கிட்டே இருக்கா. பனியன் கம்பெனி. இவ அப்பாவும் அங்கன அனுப்புன்னுதாம் சொல்லுதாரு."

"பிப்ரவரியில் தேர்வு. பார்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

"நீங்க பாத்துக்கிடுதேன்னா சரி," என்று போய்விட்டாள்.

பூங்கனிக்குத் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் கணக்கு நடத்துவதென்று முடிவு செய்தேன். அவளுக்குக் கணக்கு தானாக வரும். வேகம்தான் வேண்டும்.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பிள்ளைகள் பேனா கொடுத்தார்கள். பதினோரு பேனா, எல்லாம் ஒரே கடை.

செப்டம்பர் 18

வந்தார். வெள்ளைச் சட்டை, முன்பைவிடத் தொந்தி. பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வந்திருந்தார்.

பத்தொன்பது பேரும் பாடினார்கள். செல்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். இரண்டாம் தடவை தானும் சேர்ந்து பாடினார். "சிவந்து சிவந்து" என்ற இடத்தில் குரலை ஒரு சுழற்றுச் சுழற்றினார். பிள்ளைகளும் உடனே அதே மாதிரி சுழற்றினார்கள். நான் இரண்டு மாதம் பாடிக் கொடுத்தும் வராத உயிர் அரை நிமிடத்தில் வந்தது. அதை இங்கே எழுதியாயிற்று. போதும்.

"அருமை. யார் எழுதினது?"

"பிள்ளைகளாகச் சேர்ந்து கட்டியது," என்றேன். யாருடையதும் இல்லை என்றால் எடுத்துக்கொள்ள அவருக்குக் கை கூசாது.

படக்கதையை விரித்து, விரலால் நீலத் துளியைத் தொடர்ந்தார். "இடது பக்கம்... வருது. நுரையீரல்... சரி. வலது. படம் நீங்கதான போட்டீங்க?"

"ஆமாம்."

"நம்ம பழைய மெட்டுலா இது? வெயில்ல நடந்து வரும்போது நான் பாடிக்கிட்டே வருவேனே. பஸ்ஸை விட்டுட்டு நடந்தே வருவோம்."

"ஞாபகம் இல்லை," என்றேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தவறி இரண்டு வருடம் ஆகிறது."

முகம் மாறிவிட்டது. "எனக்கு யாரும் சொல்லலையே, வடிவு," என்றார். அம்மா அவருக்கென்று எடுத்துவைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். எனக்கு ஏழாம் வகுப்பு இருந்தது, போய்விட்டேன்.

அவர் கல்யாணத்துக்கும் நான் போகவில்லை. அன்று வேலை இருந்தது.

பூங்கனி கை தூக்கவில்லை.

செப்டம்பர் 23

திருத்தும் வேலை. கரும்பலகையில் பெரிய இதயம். வலது, இடது. பத்தொன்பது பேரும் சரியாகச் சொன்னார்கள். "பாட்டிலும் இனி இப்படித்தான்," என்றேன். ஒருமுறை சரியாகப் பாடினார்கள். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நான் நினைத்தபடிதான்.

அக்டோபர் 4

காலாண்டுத் தாள்கள். களைத்த இரத்தம் இதயத்தின் எந்தப் பக்கம் வருகிறது? பதினொரு பேர் இடது.

ஒருவன் விடைக்குப் பக்கத்திலேயே "லப்பு டப்பு" என்று எழுதியிருக்கிறான்.

அக்டோபர் 17

மறுபடி நடத்தினேன். ஆளுக்கு இருபது முறை எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே முணுமுணுக்கிறார்கள். கை வலது என்று எழுதுகிறது, வாய் இடது என்று பாடுகிறது. "பாடாமல் எழுதுங்கள்" என்றேன். முடியவில்லை. இருமலை அடக்குவதுபோல் அடக்கிப் பார்த்தார்கள், பின்வரிசையில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து எல்லாம் கெட்டது.

நவம்பர் 6

பதிவைக் குழுவில் போட்டிருக்கிறான், தன் குரலையும் சேர்த்து. அறுபது பள்ளிக்கும் போயிருக்கும். நம் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது பாடுகிறார்கள். இதயம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத வயது. சத்துணவு அம்மா முட்டை உரித்துக்கொண்டே முணுமுணுக்கிறார். ஜெசிந்தா டீச்சர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது.

பரவட்டும். எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவு உயரத்திலிருந்து விழுவான்.

நவம்பர் 7

மேலே உள்ள கடைசி வரியை அடிக்க எண்ணினேன். அடிக்கவில்லை. நேற்று அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பர் 25

பூங்கனி கணக்கில் மாதிரித் தேர்வை முப்பத்திரண்டு நிமிடத்தில் முடித்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. மற்றவர்கள் போன பிறகு கேட்டாள்.

"டீச்சர், அன்னைக்கு நான் வலதுன்னு சொன்னது சரிதான?"

"சரிதான்."

"பிறகு எதுக்கு இடதுன்னு பாடச் சொன்னீங்க?"

"பாட்டுக்கு வேண்டியிருந்தது."

யோசித்தாள். "பாட்டுக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான வருது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 14

கருத்தரங்கு. காலை ஆறு மணிக்கே பஸ் ஏறினேன். பட்டுக்கு அடுத்தபடியான புடவை. பேராசிரியர் எழுந்து ஏதும் கேட்காவிட்டால் நானே கேட்பதாகக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். "ஐயா, தாங்கள் எழுதிய பாட்டில் களைத்த இரத்தம் இதயத்தின் எந்தப் பக்கம் வருகிறது என்பதை அவைக்கு மீண்டும் சொல்ல முடியுமா?" தாங்கள் எழுதிய என்ற இரண்டு சொல்லைச் சேர்க்க ஒரு வாரம் யோசித்தேன்.

முந்நூறு பேர். பால்வண்ணன் மேடையில் நின்று பாட, அரங்கமே திருப்பிப் பாடியது. இடது பக்கம் வாசல் வழி. முந்நூறு ஆசிரியர்கள். நான் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழுக்கைத் தலையை ஆட்டித் தொடையில் தாளம் போட்டார். நாற்பது வருடம் இதயம் நடத்தியவர். லப்பு டப்பில் கையை மேலே தூக்கித் தட்டினார்.

யாரும் கேட்கவில்லை. சரி, நானே என்று பாதிக் கை தூக்கியிருந்தேன். அதற்குள் பக்கத்து நாற்காலிக்காரம்மா மடியில் விரித்திருந்த புத்தகம் கண்ணில் பட்டது. பக்கம் 31. இதயப் பாட்டு. கீழே: "ஆக்கம்: எட்டாம் வகுப்பு மாணவர்கள். வரிகளுக்கும் படத்துக்கும் வழிகாட்டல்: கு. சண்முகவடிவு, பட்டதாரி ஆசிரியர்."

என் ஊர், என் பள்ளி, எல்லாம் சரியாக.

தூக்கிய கையால் கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்து கொண்டேன்.

சாப்பாட்டு வரிசையில் தேடி வந்தார். "பார்த்தீங்களா? பழைய பாட்டு விஷயமா உங்களுக்கு வருத்தம்னு ஜெசிந்தா டீச்சர் சொன்னாங்க. அதான், இதுல உங்க பேரைப் போட்டுட்டேன். சந்தோஷமா?"

இலையில் கேசரி வைத்தார்கள். சாப்பிட்டேன்.

டிசம்பர் 15

இருபத்திமூன்று பாட்டில் இருபத்திரண்டு அவன் பெயரில். தப்பானது ஒன்று, அது என் பெயரில்.

டிசம்பர் 28

அரையாண்டுத் தாள்கள். பத்தொன்பதில் பதின்மூன்று இடது. காலாண்டைவிட இரண்டு கூடுதல். நான்கு முறை நடத்திய பிறகு.

பூங்கனி இடது என்று எழுதி, அடித்து, வலது என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி இடது என்று எழுதியிருக்கிறாள். தாளில் அந்த இடம் கிழிந்திருக்கிறது.

ஜனவரி 6

பழைய உதவித்தொகைத் தேர்வுத் தாள்களைப் புரட்டினேன். ஏழு வருடத்தில் இதயத்திலிருந்து ஐந்து முறை கேள்வி வந்திருக்கிறது.

குழுவில் திருத்தம் என்று எழுதி அனுப்பினேன். "இதயப் பாட்டில் இடது, வலது மாற்றிப் பாடவும்." நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். மாலையில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் பாடும் காணொளி வந்தது. இடது பக்கம் வாசல் வழி.

எழுத்தில் சொன்னால் ஏறாது. அவன் பாடினால்தான் ஏறும்.

ஜனவரி 9

அவர் அலுவலகத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம், என்ன வந்தாலும் கெஞ்சக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"பாட்டில் ஒரு பிழை இருக்கிறது."

"எங்க?" படக்கதையை எடுத்து விரித்தார். "சரியாத்தான இருக்கு. நீலம் இடது பக்கம்."

"தாளைப் பார்க்கிற உங்களுக்கு இடது. படத்தில் நிற்கிற பிள்ளைக்கு வலது."

தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, என் பக்கம் திரும்பி நின்று, மறுபடி கை வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"தவளைக்கு விரல் எண்ணிப் போடுற ஆளு நீங்க," என்றார். "நீங்க தப்பு விடமாட்டீங்க."

படக்கதையை மடித்து வைத்தேன்.

"வேணும்னே செஞ்சிருக்கீங்க. அந்தப் பேராசிரியர் முன்னால என்னை நிறுத்தணும்னு."

"பிப்ரவரியில் பிள்ளைகளுக்குத் தேர்வு. நீங்கள் திருத்திப் பாடி அனுப்பினால் மாறும்."

"நான் எதுக்குப் பாடணும்? உங்க பேர்ல இருக்கிற பாட்டு. வெளிய தெரிஞ்சா உங்களைத்தான் கேப்பாங்க." கோபமாகச் சொல்லவில்லை. கணினியில் ஏதோ தட்டினார், ஒரு தாள் அச்சாகி வந்தது. முதல் தொகுதிப் பாடல்கள் யாவும் தொகுப்பாசிரியருக்கே உரியவை, அவற்றில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று. கீழே என் பெயர் தட்டச்சாகி, மேலே கோடு.

"நீங்க இதுல போடுங்க. நான் இன்னைக்கே பாடுறேன்."

"ஒன்பது பாட்டும் என் வரிகள்."

"மெட்டு என்னது, வடிவு. மெட்டு இல்லாம உங்க வரியை எந்தப் பிள்ளை பாடியிருக்கும்?"

தாளைக் கிட்டே இழுத்தேன்.

கையெழுத்துப் போட்டேன். மனம் மாறியதாக யாரும் நினைக்க வேண்டாம். பேனா அவர் பேனா. மூடியை அவரிடம் கொடுக்காமல் மேசைக்கு அடியில் போட்டுவிட்டு வந்தேன். நாற்பத்தெட்டு வயதில் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஜனவரி 10

சொன்னபடி பாடி அனுப்பிவிட்டார். "வலது பக்கம் வாசல் வழி." புதிய பதிப்பு என்று போட்டிருந்தார். பிழை என்று எங்கும் இல்லை. நடுவில் ஒரு கைதட்டல் சேர்த்திருந்தார், பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. மதியத்துக்குள் மூன்றாம் வகுப்புக் கயிறு தாண்டல் புதிய பாட்டுக்கு மாறியது.

நான் நான்கு மாதம் எழுதி எழுதி அழித்ததை அவர் குரல் நான்கு மணி நேரத்தில் செய்தது. என் எம்.ஃபில். ஆய்வேடு அலமாரியில்தான் இருக்கிறது. தூசி தட்டவில்லை.

ஜனவரி 30

எட்டாம் வகுப்பில் திடீர்த் தேர்வு. பத்தொன்பதில் பதினாறு வலது. மூன்று பேர் இடது. அதில் பூங்கனி இல்லை. அவள் வலது என்று எழுதியிருந்தாள். விடைக்கு முன்னால் நிறைய இடம் விட்டிருந்தாள்.

பிப்ரவரி 21

நாளை தேர்வு. ஏழு பேரைக் கூட்டிப் போகிறேன். நுழைவுச் சீட்டு, இரண்டு பேனா, தண்ணீர். சுப்புத்தாய் எனக்கும் சேர்த்து எலுமிச்சம்பழச் சோறு கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 22

இதயக் கேள்வி வந்தது. பதினேழாம் கேள்வி.

மற்ற ஆறு பேரும் வெளியே ஓடிவந்தார்கள். பூங்கனி கடைசியாக வந்தாள். வேப்பமரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டோம். அவள் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்டாய்?"

"வலதுதான்."

"சரிதானே, பிறகென்ன?"

"ரெண்டு பாட்டும் வந்துட்டு டீச்சர். முதல்ல இடது வந்தது. பிறகு அந்த சாரு பாடுனது வந்தது. பிறகு நீங்க முன்னாடி 'பாட்டு இப்படித்தான்'னு சொன்னது வந்தது. எதுல யார் சரின்னு யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன். மேடம் வந்து அடுத்ததுக்குப் போம்மான்னாங்க. அதுவரைக்கும் அங்கனயே இருந்திருக்கேன். கடைசியில நாலு கணக்கு தொடவே இல்ல."

முப்பத்திரண்டு நிமிடத்தில் முடிக்கிறவள்.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 24

முடிவு வரட்டும், வந்த பிறகு பேசலாம் என்றுதான் இருந்தேன். மாலை வகுப்புக்கு வழக்கம்போல் அவள் வந்து, "பரிச்சைதான் முடிஞ்சுட்டே, இனி வரணுமா டீச்சர்?" என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன். சொன்னேன். பயிற்சியில் நடந்தது, என் நோட்டு, அவர் முந்நூறு பேர் முன்னால் மாட்டவேண்டும் என்று சொல்லை மாற்றியது, அவள் கை தூக்கியபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது. கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். இவ்வளவு நான் ஒரேயடியாக யாரிடமும் பேசியதில்லை.

கண் கொட்டாமல் கேட்டாள். கதை கேட்கிற முகம்.

"அப்ப அவரு மாட்டுனாரா டீச்சர்?"

"இல்லை."

"மாட்டவே இல்லையா?"

"இல்லை."

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போய் நின்றாள்.

"அந்த நாலும் எனக்குத் தெரிஞ்ச கணக்கு, டீச்சர்."